பிப்ரவரி ஆறாம் பக்கம்

நம் எழுத்துக் குழுவின் போன மாதக் கூட்டத்தில் ஆளுக்கொரு தலைப்பு பிரித்துக்கொண்டபோது எனக்கு வந்தது, எழுதுகிறவர்கள் நாட்குறிப்பு வைத்திருப்பதால் என்ன நன்மை என்பது. சுலபமான தலைப்பு என்று நீங்கள் எல்லோரும் சொன்னீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பெரியவளைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டு, சின்னவன் தூங்கும் ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். தினமும் எழுதினால் கை பழகும், கண் கூர்மையாகும், மறதி குறையும். மூன்று வரி எழுதியதும் சந்தேகம் வந்துவிட்டது. இதில் எதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்? எல்லாம் எங்கோ படித்தது.

நான் நாட்குறிப்பு எழுதியது வாழ்நாளில் ஒரே ஒருமுறை. ஆறாம் வகுப்பில், ஐந்தரை மாதம். அந்த டைரி திருத்தங்கலில் அம்மா வீட்டுப் பரணில் இருக்கக்கூடும். அதைப் பார்க்காமல் எழுதினால் பொய்யாகிவிடும் என்று பயந்து, ஒரு சனிக்கிழமை விருதுநகரிலிருந்து பஸ் ஏறினேன். பார்க்காமலே எழுதியிருக்கலாமோ என்று இப்போதும் அவ்வப்போது தோன்றுகிறது.

எங்கள் பக்கத்தில் டைரி கடையில் வாங்கும் பொருள் அல்ல. அப்பா ஓர் அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்த்தார். அடுத்த வருஷத்து டைரியும் காலண்டரும் ஆடி மாதமே மெஷினில் ஏறிவிடும். ஆவணியில் அவர் உடம்பிலேயே அடுத்த வருஷத்தின் வாசனை அடிக்கும்: பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய மைதாப் பசையின் வாசனை. நகக்கண்ணில் லேசாக நீலம் ஏறியிருக்கும். அட்டை கோணியது, பக்கம் தலைகீழாகத் தைத்தது எல்லாம் வேஸ்ட் என்று ஒதுக்கப்பட்டு வீடுகளுக்கு வரும். எனக்கு வந்த டைரியில் ஜூலை மாதத்தில் பதினாறு பக்கம் தலைகீழ். அட்டையில் யாரோ ஒரு சிமெண்டு வியாபாரியின் பெயர் தங்க எழுத்தில் பாதி விழுந்திருந்தது. உள்ளே சிவப்பு நாடா ஒன்று.

அப்பா அதைக் கொண்டுவந்தது ஆகஸ்டு கடைசியில். அன்றே எழுதத் தொடங்கினேன், ஜனவரி ஒன்றாம் தேதிப் பக்கத்திலிருந்து. வேறெப்படித் தொடங்குவது? எங்கள் தெருவில் எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான். மேலே அச்சடித்திருக்கும் தேதி எங்களுக்கு ஓரத்துப் பூ வேலைப்பாடு மாதிரி. அதற்குக் கீழே கணக்குப் போடுவோம், படம் வரைவோம். அதை யாரும் உண்மையான தேதியாக எடுத்துக்கொள்வார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

நாங்கள் இருந்தது ஒரு காம்பவுண்டுக்குள் வரிசையாகக் கட்டிய ஐந்து வீடுகளில் நான்காவது. முன்பக்கத்தில் வீட்டுக்காரர் இருந்தார். ஐந்தாவது வீட்டில் ஓர் அத்தை. உறவு ஒன்றும் இல்லை. கூப்பிட்டுப் பழகிய அத்தை. கணவர் இல்லை, ஒரே மகள். அவள் என் வகுப்பு, என் பெஞ்சு. அத்தை பட்டாசுக் கம்பெனிக்குப் போய்வந்தார். சாயங்காலம் வேனிலிருந்து இறங்கும்போது முழங்கை வரை மருந்துப் பொடி வெள்ளி பூசியது போல மினுங்கும். எவ்வளவு தேய்த்தாலும் கைரேகைக்குள் மட்டும் மினுக்கம் தங்கிவிடும். அந்தக் கையால் அவர் ஊட்டிய குழம்புச் சோற்றின் ருசி எனக்கு நினைவிருக்கிறது. இருப்பதாக நினைக்கிறேன்.

என் அம்மா நர்ஸ். தீக்காய வார்டில் வேலை. அதனால் மற்றவர்களுக்கு வெறும் சத்தமாக இருப்பது அம்மாவுக்கு வேறொன்றாக இருந்தது. தூரத்தில் எங்காவது வெடித்தால் தெரு எட்டிப் பார்க்கும். அம்மா செருப்பை மாட்டுவார்.

சீசன் நெருங்கினால் சில வீடுகளுக்கு வேலை மூட்டையாக வரும். வெறும் காகிதக் குழாய் சுருட்டுவதில் ஆபத்து இல்லை. மருந்து அடைத்த வெடிகளை நூலில் கோத்துச் சரமாகப் பின்னுவது கம்பெனிக்குள்தான் நடக்க வேண்டும். அத்தை வீட்டுக்கு அந்த வருஷம் சர மூட்டை வந்தது. அம்மாவுக்கு அது எப்படியோ தெரிந்துவிட்டது. தீபாவளிக்குச் சில வாரங்கள் இருக்கும்போது, டூட்டி முடிந்து வந்தவர் பையைக்கூட இறக்காமல் அத்தை வாசலில் போய் நின்றார். நானும் அவளும் படியில் உட்கார்ந்திருந்தோம்.

“ஒரு வாரந்தான் சிஸ்டரக்கா. ஆர்டர முடிக்கணும்னு கம்பெனில தலைமேல நிக்காக.”

“இன்னைக்கு ஒரு சின்னப் புள்ளைக்குக் கையில கட்டுப் போட்டுட்டு வாரேன். அதோட அம்மாவும் ஒரு வாரந்தான்னுதான் நெனச்சாளாம். உங்க வீட்டுக்கும் எங்க வீட்டுக்கும் நடுவுல ஒத்தச் செவருதான இருக்கு? அதுவாச்சும் ஞாபகம் இருக்கா?”

அத்தை படியிறங்கி வந்து அவள் உச்சந்தலையில் ஓங்கிக் கை வைத்தார். “இவ தலையில அடிச்சுச் சொல்லுதேன். இனி ஒரு வெடி இந்த வாசப்படி ஏறாது.”

“புள்ள தலைய விடுங்க. சத்தியமெல்லாம் வேண்டாம், நிறுத்துனாப் போதும்.”

அம்மா உள்ளே போனதும் அவள் தலையைத் தடவிக்கொண்டே சொன்னாள்: “எந்தலை என்ன தேங்காயா, ஆளாளுக்கு அடிச்சுப் பாக்க?” எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆனால் பயமாகவும் இருந்தது. காரணம் உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்.

பிப்ரவரியில் ஒரு நாள் டியூஷன் விட்டு வந்து டைரியை எடுத்தேன். பள்ளிச் சீருடைகளுக்கு அடியில் வைப்பேன். சிவப்பு நாடாவை எப்போதும் எழுதவேண்டிய பக்கத்தில் விட்டிருப்பேன். அப்போது ஜூன் மாதப் பக்கங்களில் இருந்தேன். அன்று நாடா பிப்ரவரியில் கிடந்தது.

யாரோ படித்திருக்கிறார்கள். அந்த வயதில் அதைவிடப் பெரிய திருட்டு எனக்குத் தெரியாது. யாராக இருக்கும் என்று யோசிக்கக்கூட இல்லை. என் வீட்டுக்குள் கேட்காமல் வந்துபோகிறவள் அவள் ஒருத்திதான். மறுநாள் பள்ளிக்கு நடக்கும்போது கேட்டேன்.

“என் டைரிய எடுத்துப் படிச்சியா?”

“உன் டைரில என்ன இருக்கு? உப்புமா தின்னேன், ஊறுகா தின்னேன். அதப் போயி திருடிப் படிப்பாகளாக்கும்.”

“நாடா எடம் மாறியிருக்கு.”

“அப்ப நாடாட்டயே கேளு.”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. “உங்க அம்மா மாதிரியே நீயும் மறைக்கிற” என்றேன். அவள் சாலையின் எதிர்ப்பக்கம் போய் நடந்தாள்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கோயில் ஆராதனை முடிந்து திரும்பியபோது ஐந்தாவது வீட்டுச் சாமான்கள் மினி லாரியில் ஏறிக்கொண்டிருந்தன. “அவுக ஊருக்குப் போறாக” என்று மட்டும் அம்மா சொன்னார். அவள் பாத்திரச் சாக்கின் மேல் உட்கார்ந்திருந்தாள். கன்னம் வீங்கியிருந்தது. என்னைப் பார்க்கவில்லை. லாரி திரும்பி மறைந்தது.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒரு கதை நினைவு வரலாம். இரண்டு வருஷத்துக்கு முன் நம் கூட்டத்தில் நான் வாசித்ததுதான் அது. அந்தக் கதையில் வீட்டுக்காரர் ஈவிரக்கமற்றவர். சிநேகிதி டைரியைத் திருடிப் படிக்கிறாள். கடைசியில் பல்வலியால் வீங்கிய கன்னத்தோடு, மன்னிப்புக் கேட்க முடியாமல் லாரியில் போகிறாள். அந்தப் பல்வலி அருமையான இடம், கண் முன்னால் நிற்கிறது என்று நீங்கள் பாராட்டினீர்கள். எனக்கும் கண் முன்னால்தான் நின்றது. அதனால்தான் அதைச் சந்தேகிக்கவே தோன்றவில்லை.

பரணில் டைரி கிடைத்தது. அம்மா சமையலறையில் இருந்தார். கட்டிலில் உட்கார்ந்து, எழுதியதில் கடைசிப் பக்கத்தை முதலில் பார்த்தேன். என் கையெழுத்துதான், ஆனால் யாரோ போல இருந்தது. “அவர்கள் போய்விட்டார்கள். அவள் கன்னத்தில் நான்கு கோடு இருந்தது. சிவப்பாக. இனி எழுத மாட்டேன்.”

பல்வலி என்று ஒரு வார்த்தை இல்லை. நான்கு கோடு. பல் வலித்தால் கன்னத்தில் கோடு விழாது. விரல் பட்டால்தான் விழும். பதினொரு வயதில் கண்டதைக் கண்டபடி எழுதிவிட்டு, அதன்பின் எந்த வருஷத்திலோ எனக்கு வசதியான ஒரு நோயை நானே அவளுக்குக் கொடுத்திருக்கிறேன். நாட்குறிப்பின் நன்மை என்று நான் எழுத நினைத்த மூன்று வரியிலும் இது இல்லை. நம் எழுத்துக்குத் தீனி போடுவது அதன் வேலை என்று நினைத்திருந்தேன். நம்மை எதிர்த்துப் பேசவும் அதற்குத் தெரியும்.

நாடா இன்னும் அங்கேயே கிடந்தது, சாயம் காகிதத்தில் ஊறி. பிப்ரவரி ஆறு. அந்தப் பக்கத்தில் இப்படி எழுதியிருந்தேன்:

“இன்று அத்தை வீட்டுக்கு மூட்டை வந்தது. கதவைச் சாத்திக்கொண்டு சரம் பின்னினோம். அவள் ஐந்து சரம். நான் இரண்டு. என் கையும் வெள்ளியாகிவிட்டது. அம்மாவிடம் சொல்லக் கூடாது என்று அத்தை சொன்னார். சீயக்காய் போட்டுக் கழுவினேன்.”

அம்மா சத்தம் போட்ட அன்று எனக்கிருந்த பயம் இதுதான். இரண்டு பக்கம் பின்னால் புரட்டினேன். பிப்ரவரி நான்கில், “காலாண்டுப் பரீட்சை முடிந்தது, நாளையிலிருந்து லீவு.” காலாண்டுப் பரீட்சை செப்டம்பரில் நடப்பது. அப்படியானால் சரம் பின்னியது அந்த லீவில், அத்தை சத்தியம் செய்வதற்கு முன்னால். ஆனால் மேலே அச்சில் இருக்கும் தேதியை மட்டும் பார்த்தால், அத்தை சத்தியம் செய்து நான்கு மாதம் கழித்து என்றாகிறது.

ஒரு பெரியவர் டைரியைத் திறந்தால் எந்தப் பக்கத்தைத் திறப்பார்? அன்றைய தேதியைத்தான்.

டைரியைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறை வாசலில் நின்றேன். “அம்மா, இத நீங்க படிச்சீங்களா?”

அம்மா அடுப்பை அணைத்தார். “எந்தப் புள்ளைக்காச்சும் மார்க் கொறஞ்சா அம்மாக்காரி பையத் தேட மாட்டாளா? நீ அப்ப எல்லாத்தையும் ஒளிச்சு ஒளிச்சு வச்ச.”

“எந்தப் பக்கம் படிச்சீங்க?”

“அன்னைக்கு என்ன தேதியோ அந்தப் பக்கம். வெளிய போயிருக்கியே, இன்னைக்கு என்ன எழுதிருக்கன்னு பாக்கத்தான் எடுத்தேன். அதுல எம் புள்ள கையில மருந்துன்னு இருந்துச்சு. அப்பாட்ட காட்டணும்னு நாடாவ அங்கன போட்டேன். அப்புறம் அவர் வர வரைக்கும் பொறுக்க முடியல. நேரா வீட்டுக்காரர்ட்டப் போயிட்டேன்.”

“என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?”

“கேட்டா ஒளிஞ்சு படிச்சதச் சொல்லணும்ல?”

அப்பாவிடம் காட்டியிருந்தால் அந்த நிமிஷமே தெரிந்திருக்கும். எந்த மாதத்தில் அந்த டைரி வீட்டுக்கு வந்தது என்று அவருக்குத் தெரியும். அவர் போய் நான்கு வருஷமாகிறது. நான் பிப்ரவரி ஆறைத் திருப்பி, மறுபக்கத்தை அம்மாவிடம் நீட்டினேன். பிப்ரவரி ஏழு. அதிலும் பக்கம் நிறைய எழுதியிருந்தது. நாளைக்கு நடக்கப்போவதை எந்தப் பிள்ளை இன்றைக்கே எழுதும்?

அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு ஏழைப் படித்தார், எட்டைப் படித்தார், பின்னால் வந்து நான்கைப் படித்தார். டைரியை மூடிவிட்டு, “அன்னைக்குப் புரட்ட எனக்குக் கை வரல” என்றார்.

அம்மாவைக் கோபிக்க எனக்கு யோக்கியதை இல்லை. என் பெரியவளுக்கு எட்டு வயது. ஒரு நோட்டில் ஏதோ எழுதுகிறாள், நான் வந்தால் மூடுகிறாள். வேனில் யாராவது தொந்தரவு செய்கிறார்களோ, பள்ளியில் அடிக்கிறார்களோ என்று எனக்கு ஆயிரம் எண்ணம். ஒருமுறை திறந்தேன். “அம்மா என்னைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள்” என்று ஒரு வரி. மூடிவிட்டேன். அது குறையா, நிம்மதியா என்று கேட்க முடியவில்லை; கேட்டால் திறந்ததைச் சொல்ல வேண்டும். நாட்குறிப்பு எழுதுங்கள் என்று பிள்ளைகளுக்கும் சொல்லலாம் என்று நம் கூட்டத்தில் பேசினோம். சொல்லுங்கள். ஆனால் படிக்கிறவர் யாராக இருந்தாலும் ஒரு பக்கத்தோடு நிற்கக் கூடாது என்பதையும் யாராவது சொல்ல வேண்டும்.

“அவங்க இப்ப எங்க இருக்காங்கன்னு தெரியுமாம்மா?” என்று கேட்டேன்.

தெரியும் என்றார். மல்லாங்கிணற்றில், தம்பி வீட்டுக்குப் பக்கத்தில். ஒருமுறை அத்தை ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறார். அம்மா தூரத்திலேயே பார்த்துவிட்டு வேறு வார்டுக்குள் போய்விட்டாராம். “சத்தியத்த மீறுனவ மொகத்துல முழிக்கக் கூடாதுன்னு நெனச்சேன்” என்றவர், “அப்படின்னுதான் நெனச்சேனான்னும் தெரியல” என்றார். எனக்கிருக்கும் இந்தச் சந்தேக புத்தி எங்கிருந்து வந்தது என்று அப்போது தெரிந்தது.

அடுத்த சனிக்கிழமை இரண்டு பேரும் போனோம். அத்தை வீட்டு முன்னால் சின்னதாக இட்லிக் கடை வைத்திருக்கிறார். வியாபாரம் முடிந்து கிரைண்டரைக் கழுவிக்கொண்டிருந்தார். தலை முழுக்க வெளுத்துவிட்டது. அம்மாவைப் பார்த்ததும் ஈரக் கையோடு எழுந்தார்.

“யாரு, சிஸ்டரக்காவா? வாங்க வாங்க! என்ன இம்புட்டு எளைச்சுட்டீக? சாப்பிட்டீகளா? இது அந்தக் குட்டியா? எம்புட்டு வளத்தி!”

அம்மா உட்காரவில்லை. “நான் ஒண்ணு சொல்லிட்டு உக்காருதேன். அன்னைக்கு வீட்டுக்காரர்ட்டப் போயி, நீங்க திரும்பவும் சரம் பின்னுறீகன்னு சொன்னது நான்.”

அத்தையின் சிரிப்பு உடனே போகவில்லை. வழி தெரியாமல் முகத்திலேயே கொஞ்ச நேரம் நின்றது. “நான் பின்னலயே சிஸ்டரக்கா.”

“இப்பத்தான் தெரியுது.”

நான் டைரியைத் திறந்து, பக்கம் பக்கமாகக் காட்டிச் சொன்னேன். அத்தை தேதியின் மேல் விரலை வைத்து எழுத்துக் கூட்டினார். பிறகு நான்காம் பக்கம், ஏழாம் பக்கம். புரிந்துவிட்டது. ஆனால் அவர் திரும்பியது அம்மாவின் பக்கம் அல்ல; சுவரைப் பார்த்தார்.

“வீட்டுக்காரரு எங்கிட்ட என்ன சொன்னாருங்கீக? உள்ள இருந்தே தகவல் வந்துருச்சு, காலி பண்ணுன்னாரு. உள்ள இருந்துன்னா நான் யார நெனப்பேன்? எம் மவதான் வாய் நிக்காதவ. லீவுல பின்னுனத இப்பப் போயி எங்கயோ உளறிட்டான்னு நெனச்சேன். நான் சொல்லலம்மா, நான் சொல்லலம்மான்னு அழுதா. ஓங்கி விட்டேன் ஒண்ணு.”

அம்மா அப்போதுதான் பெஞ்சில் உட்கார்ந்தார்.

“அதோட விட்டேனா? இவள வச்சுக்கிட்டா இங்கனயும் ஒரு வீடு தங்காதுன்னு கோயமுத்தூர்ல எங்கக்கா வீட்டுல கொண்டுபோயி விட்டுட்டேன். அங்கனயே படிச்சா, அங்கனயே கல்யாணம். போன் பண்ணுவா. நல்லாருக்கியான்னு கேப்பா. நல்லாருக்கேன்பேன். வச்சிருவா.”

“என் தப்பு” என்றார் அம்மா.

“உங்க தப்ப நீங்க சொல்லிட்டீக” என்றார் அத்தை. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு கல்லாப்பெட்டிக்குப் பக்கத்திலிருந்து போனை எடுத்தார். எண்ணைத் தேட வேண்டியிருக்கவில்லை. காதில் வைக்காமல், எங்களுக்கும் கேட்கும்படி பெஞ்சின் மேல் வைத்தார். மணி போனது. எடுத்ததும் பின்னால் தையல் மெஷின் ஓடும் சத்தம்.

“என்னம்மா, இந்நேரம்? ஒடம்புக்கு எதுவும்…”

“ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. ஏ புள்ள, நீ யார்ட்டயும் சொல்லலயாம்ல.”

“எத?”

“திருத்தங்கல்ல வீட்டக் காலி பண்ண வச்சாகள்ல. அது நீ இல்லயாம். டைரில இருக்கு. சிஸ்டரக்காவும் மவளும் கொண்டாந்து காட்டுறாக.”

மெஷின் சத்தம் நின்றது.

“நான் சொன்னப்ப நம்பல” என்றாள் அவள். குரல் அப்படியே இருந்தது. “ஒரு டைரி சொன்னா நம்புவியாக்கும்?”

அத்தை போனை என் பக்கம் தள்ளினார். என்ன பேச வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போதே ஒரு தாளில் எழுதி மடித்து வைத்திருந்தேன். இரண்டு தடவை திருத்தியும் இருந்தேன். அதை எடுக்கவில்லை.

“நான்தான் பேசுறேன்” என்றேன்.

“தெரியுது.”

“நானும் உன்மேல சந்தேகப்பட்டேன். நீ படிக்கவேயில்ல. படிச்சது எங்கம்மா.”

மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது. வைத்துவிடுவாள் என்று மூன்று பேரும் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு தையல் முடிந்தது, நூலைக் கத்தரிக்கும் சத்தம் கேட்டது, அடுத்த தையல் தொடங்கியது. அவள் வைக்கவில்லை.